கோழித்தோல்: அஞ்ச வேண்டியது பருவையன்று, களிம்பையே

மேற்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும், சிலருக்குக் கன்னத்திலும், இறகு பறித்த கோழியின் தோலைப்போல் சிறுசிறு பருக்கள் சொரசொரவென்று நிற்பதுண்டு. வலியில்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை. இதனை மருத்துவர்கள் ‘கெரட்டோசிஸ் பிலாரிஸ்’ என்பர். நாம் கோழித்தோல் என்றே வைத்துக்கொள்வோம்.

இது உண்டாவது எவ்வாறு?

நமது தோலில் கெரட்டின் என்னும் கடினமான பொருள் உண்டு. அது மயிர்க்காலில் அளவுக்கு மீறிச் சேர்ந்து, அதன் வாயை அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பே பருவாகத் தெரிகிறது. இது அழுக்கினால் வருவதன்று, இரத்தக் கெடுதலும் அன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று. பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. சிறு வயதில் தொடங்கி, பருவ வயதில் மிகுந்து, 30 வயதளவில் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும்.

கிள்ளானில் ஆண்டு முழுதும் புழுக்கந்தானே என்று கேட்கலாம். ஆயினும் குளிர்சாதனம் ஓடும் கடையில் நாள் முழுதும் இருப்போருக்குத் தோல் வறளும். வறண்டால் சொரசொரப்பும் மிகும்.

செய்ய வேண்டியவை

1. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிக்க வேண்டும். பீர்க்கங்கூடு கொண்டு அழுத்தித் தேய்த்தலும், பருக்களைக் கிள்ளுதலும் கூடா. அவற்றால் கறுத்த வடுவே மிஞ்சும்.

2. குளித்தபின், ஈரம் முற்றும் உலருமுன் ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவ வேண்டும். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த களிம்பு அடைப்பை இளக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே வாங்குக.

3. பலன் தெரியச் சில வாரங்களாகும். நிறுத்தினால் மீண்டும் தோன்றும். ஆகவே பொறுமை வேண்டும்.

இதைப்போன்றே தோன்றும் வேறொன்றும் உண்டு. 1933இல் இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ், சத்துக் குறைவால் எழும் பருக்களை விவரித்து, ‘தேரைத்தோல்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். முழங்கையிலும் முழங்காலிலும் முள்போல் பருக்கள் எழுந்து, பிள்ளைக்கு மாலையில் கண் மங்கினால், தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. பருக்கள் சீழ் கட்டினாலும், கடுமையாக அரித்தாலும் அவ்வாறே செய்க.

வணிகர் கவனத்திற்கு

கலியாணம் நெருங்கிய வீடுகளில், ‘ஒரு வாரத்தில் தோல் வழவழப்பாகும், நிறம் வெளுக்கும்’ என்னும் களிம்புகளை நம்பி வாங்குவோர் பலர். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது மலேசிய சுகாதார அமைச்சின் சோதனைகளில் கண்டறியப்பட்டு, அவற்றின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் கையிலிருந்து வீட்டுக் குழந்தைக்கும் சேரும். ஸ்டீராய்டைக் கண்டபடி பூசினால் தோல் மெலிந்து வரிவரியாய்க் கிழியும்.

நம்மவரில் இப்பொருள்களை விற்போரும் உளர். உற்பத்தியாளர் பெயர் இல்லாத டப்பாவை அலமாரியில் ஏற்றாதீர்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமாகிய என்.பி.ஆர்.ஏ.வின் பதிவேட்டில் அப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தபின்பே கொள்முதல் செய்யுங்கள். கோழித்தோல் எவருக்கும் கேடு செய்வதில்லை. அதற்கென்று நாம் விற்கும் டப்பா கேடு செய்யலாகாது.