தேயிலைக்குப் பதில் கோகோ: தென்னந்தோப்பில் துணை வருமானம்

நீலகிரிச் சிறு விவசாயிகளைப் போல நாமும் தேயிலை பயிரிடலாமா என்று பேராவூரணி விவசாயிகள் சிலர் கேட்பதுண்டு. முடியாது என்பதே பதில். தேயிலைக்கு மலைக் குளிர்ச்சியும், கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை உள்ள புளிப்பு மண்ணும் வேண்டும். கொழுந்தைப் பறித்த அன்றே ஆலைக்கும் அனுப்ப வேண்டும். நம் தென்னை நிழலுக்கு ஏற்றது கோகோ. இதன் விதையை வீட்டிலேயே பதப்படுத்தலாம்.

எந்தத் தோப்பு ஏற்றது?

கோகோவுக்குப் பாதி நிழல் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலுக்குப்பின் நட்ட தோப்புகளில் மட்டை விரிந்து நிழல் கட்டும்வரை பொறுத்திருங்கள். கோடையில் தண்ணீர் இல்லாத தோப்பில் கோகோ வேண்டவே வேண்டாம்.

நடவு

25 அடி இடைவெளியுள்ள தென்னையில் இரு வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசையாக, 10 அடிக்கு ஒரு கன்று நடவும். ஏக்கருக்குச் சுமார் 170 கன்றுகள் பிடிக்கும். ஐந்தடி உயரத்தில் கிளை பிரிய விட்டு, அடியில் வரும் போத்துகளை நீக்கவும். மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கும். தேயிலைக் கொசு கோகோக் காயையும் தாக்கும். மழைக்காலத்தில் காய் கறுத்து அழுகினால் அவற்றை அகற்றி, ஒரு சத போர்டோக் கலவை தெளிக்கவும்.

பதப்படுத்துதல்

மஞ்சளாக மாறிய பழங்களை உடனே பறிக்கவும். தாமதித்தால் எலியும் அணிலும் தின்றுவிடும். பழத்தைக் கத்தியால் வெட்டாமல் மரக்கட்டையால் தட்டி உடைத்து, நடுத்தண்டை நீக்கவும். மூங்கில் கூடையின் அடியில் கிழித்த வாழை இலை பரப்பி, ஈர விதைகளை நிரப்பி, மேலேயும் இலை மூடவும். சாறு வடியக் கூடையை மேடை மீது வைக்கவும். மறுநாள் சாக்கால் போர்த்தவும். மூன்றாம், ஐந்தாம் நாட்களில் கிளறவும். ஆறு நாட்கள் புளித்தபின் ஏழாம் நாள் வெயிலில் உலர்த்தத் தொடங்கவும். சரியாகப் புளித்துக் காய்ந்த விதையை வெட்டினால் உள்ளே பழுப்பு நிறமாக இருக்கும். ஈரப்பதம் 7 சதத்துக்குள் வந்ததும் சாக்கில் கட்டலாம்.

கணக்கு

சுமார் மூன்று கிலோ ஈர விதையில் ஒரு கிலோ உலர் விதை கிடைக்கும். ஆகவே, ஈர விதை விலையை மூன்றால் பெருக்கி உலர் விதை விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் உங்கள் உழைப்புக்குக் கட்டுமானால் உலர்த்தி விற்கலாம். இல்லையேல் ஈரமாகவே கொடுத்துவிடலாம்.

2024-ல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டிய கோகோ விலை, 2025-ல் பெருமளவு இறங்கியது. எனவே உச்ச விலையை நம்பித் தோப்பு முழுவதும் நடாதீர்கள். வாங்குவோர் யார் என்று முதலில் விசாரியுங்கள். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்டு, முதலில் கால் ஏக்கரில் நட்டுப் பாருங்கள். தென்னையே நமக்கு முதல். கோகோ அதற்குத் துணை.