‘டொக்’ என்றது வண்டி



விருதுநகரில் எங்கள் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். வண்டி பழைய அம்பாசடர். மேற்கு வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டில் இந்த வண்டியின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆயினும் கல்யாண வீட்டார் எங்கள் வெள்ளை அம்பாசடரைத்தான் விரும்பிக் கேட்பார்கள். சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என்று அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

சென்ற கோடை விடுமுறையில் வண்டிக்கு ஒரு நோய் கண்டது. கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் சுத்தியலால் தட்டியதுபோல் ‘டொக்’ என்று ஓசை எழுந்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். அவர்கள் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், “கியர்பாக்ஸ் போச்சு, இறக்கி எல்லாம் மாத்தணும்” என்றார்கள். அன்றிரவு அம்மா தம் வளையல்களைக் கழற்றித் துணியில் முடிந்து வைத்தார். அக்கா தங்கை இருவரும் உறங்குவதுபோல் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை, அடகுக் கடைக்குப் போகுமுன் இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று அப்பா ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றார். நாங்களும் தொற்றிக்கொண்டோம். அந்த அண்ணாச்சி ஸ்பானரைத் தொடவே இல்லை. “சத்தம் எப்ப வருது, எப்ப வரல? அதச் சொல்லுங்க தாயி” என்று எங்களைக் கேட்டார். அப்பா வண்டியை ஓட்ட, நாங்கள் பின்னால் அமர்ந்து உற்றுக் கேட்டோம். கண்டவை மூன்று.

1. வண்டி நிற்கையில், எஞ்சின் ஓட, கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டோம். ஓசை இல்லை.

2. ஓடும்போது கியர் மாற்றிக் கிளட்சை விட்டதும் ஒரே ஒரு ‘டொக்’. முதல் இரு கியர்களில் அது பலமாகக் கேட்டது.

3. கியரையே மாற்றாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதித்தபோதும் அதே ‘டொக்’!

“அப்ப கியர்பாக்ஸைக் குத்தம் சொல்லக் கூடாது. அதுக்குப் பின்னாலதான் எங்கேயோ தளர்ச்சி” என்றார் அண்ணாச்சி.

இதன் காரணம் என்ன? அம்பாசடரில் எஞ்சின் முன்னே இருக்கிறது. பின் சக்கரங்களே வண்டியைத் தள்ளுகின்றன. இடையே ஆற்றலைக் கொண்டு செல்வது புரொபெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டு. பள்ளம் மேடுகளில் பின் அச்சு ஏறி இறங்குவதால், தண்டின் இரு முனைகளும் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்காக அங்கே சிலுவை வடிவ இணைப்பு உண்டு. பட்டறையில் இதைக் ‘கிராஸ்’ என்பார்கள். செல்லுக்குப் பெயரிட்டவர் என்று நாம் பாடத்தில் படிக்கும் இராபர்ட் ஹூக்கின் பெயரும் இவ்விணைப்புக்கு உண்டு. கிராஸின் நான்கு நுனிகளிலும் ஊசி போன்ற சிறு உருளைகள் உள்ளன. கிரீஸ் வற்றினால் அவை தேய்ந்து இடைவெளி உண்டாகும். ஆற்றல் நின்று மீண்டும் பாயும்போது அந்த இடைவெளி சட்டென மூடுவதே ‘டொக்’. முதல் கியரில் எஞ்சின் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் தண்டு ஒரு முறை சுற்றும். திருப்பு விசை அத்தனை மடங்கு பெருகுவதால் ஓசையும் பெரிது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்தினார். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் அடியில் நுழையலாகாது. தண்டைக் கையால் திருகினார். பின் முனைக் கிராஸ் தனியே ஆடியது. அதன் மூடியைச் சுற்றிச் செந்துரு படிந்திருந்தது. நோய் அகப்பட்டது!

தண்டைக் கழற்றுமுன், பழையபடியே பொருத்துவதற்காக இரு பக்கமும் கோடு கிழித்துக்கொண்டார். இடம் மாறினால் தண்டு அதிருமாம். சர்க்ளிப்புகளை எடுத்து, வைஸில் அழுத்திப் பழைய கிராஸை வெளியேற்றி, ஊசி உருளை ஒன்றும் சரியாதபடி புதியதைப் பொருத்திக் கிரீஸ் ஏற்றினார். மாலையில் வண்டி ஓசையின்றி ஓடியது. வளையல்கள் அம்மாவின் கைக்குத் திரும்பின.

எல்லா ‘டொக்’கும் கிராஸ் அன்று. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் கிழிந்தாலும், பட்டை வில்லைப் பிடிக்கும் யு-போல்ட் தளர்ந்தாலும், டிஃபரன்ஷியல் பற்கள் தேய்ந்தாலும் இதே ஓசை வரும். கியர் விழும்போதே ‘கரகர’ என்றால் கிளட்சைப் பார்க்க வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் மாருதி போன்ற கார்களில் இந்த நீண்ட தண்டே கிடையாது.

“சத்தம் தானே” என்று விட்டிருந்தால் என்ன ஆகும்? கிராஸ் உடைந்து தண்டு சாலையில் விழுந்து இழுபடும். இரும்பு உரசித் தீப்பொறி பறக்கும். பொறிக்கு அஞ்சி இரும்புக் கருவிகளை மருந்து அறைக்குள் விடாத பட்டாசு நாட்டில் வாழ்பவர்கள் நாம். முன்னே பட்டாசு ஏற்றிய லாரி போகும் சாலையில் இந்தப் பொறி எத்தகையது என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெண்களுக்கு இது எதற்கு என்பாரும் உண்டு. 1888-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கி.மீ. காரில் சென்றார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சீராக்கினார். மேட்டில் வண்டி திணறியதைக் கண்டு, இன்னொரு கியர் வேண்டும் என்று கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொன்னவரும் அவரே.

நோயின் காரணத்தை முதலில் தேடச் சொன்னார் வள்ளுவர். வண்டிக்கும் அதுவே மருத்துவம். தோழியரே, பொருளை மாற்றுமுன் ஓசையைக் கேளுங்கள். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று கேளுங்கள். எங்கள் வீட்டு வளையல்களைக் காத்தது அந்த ஒரு கேள்விதான்.