ஆடுகளின் கருச்சிதைவும் கர்ப்பிணிகளின் பாதுகாப்பும்

சினையாடுகள் நோய்க்குறி யாதுமின்றி மேய்ந்துகொண்டிருக்கையிலேயே திடீரெனக் குட்டி வீசுவதுண்டு. இதற்குரிய காரணங்களுள் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரும் ஒன்றாகும். 1908-ம் வருஷத்தில் டூனிஸ் நகரில் எலியினத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் உடலில் இது கண்டறியப்பட்டது. செம்மறியாடுகள் கரு வீசுவதற்கு இதுவும் காரணமென்பது 1957-ல் நியூஸிலாந்தில் வெளியாயிற்று. மனிதரையும் இந்நோய் பற்றுமாதலால், ஆட்டுப்பட்டியுடையோர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

நோய் பரவும் விதம்

இந்நுண்ணுயிர் பூனையின் குடலிலேயே முட்டை போன்ற உறைகளாக உருவாகின்றதென்பது 1970-ல் தெளிவாயிற்று. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை நோய் பற்றிய பூனையின் மலத்தில், 1 முதல் 3 வாரம் வரை இவ்வுறைகள் இலட்சக்கணக்கில் வெளிப்படும். வேட்டையாடத் தொடங்கும் இளம்பூனைகளே பெரும்பாலும் இவ்வாறு நோயைப் பரப்புவன. வெளிவந்த சில நாட்களில் உறைகள் தொற்றும் சக்தியைப் பெற்று, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஒரு வருஷத்திற்கு மேலும் அழியாதிருக்கும். தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல், தண்ணீர் ஆகியவற்றில் இவை கலப்பின் அவற்றை உட்கொள்ளும் ஆடுகளுக்கு நோய் உண்டாகும்.

ஆடுகளில் காணும் குறிகள்

சினையின் தொடக்கத்தில் நோய் பற்றினால் கரு உள்ளேயே கரைந்துவிடும். ஆடு சினைப்படவில்லையென உடையவர் எண்ணுவர். நடுக்காலத்தில் பற்றினால் கரு சிதையும், அல்லது உலர்ந்து சுருங்கிய குட்டி வெளிப்படும். பிற்காலத்தில் பற்றினால் வலுவற்ற குட்டிகள் பிறக்கும். நஞ்சுக்கொடியின் பொத்தான் போன்ற பாகங்களில் சிறு வெண்புள்ளிகள் காணப்படலாம். செம்மறிக்கும் வெள்ளாட்டிற்கும் நேரும் இச்சேதம் மாடுகளுக்கு அரிது.

கர்ப்பிணிகளுக்கு நேரும் தீங்கு

கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இந்நோய் பற்றும் தாய்க்குப் பெரும்பாலும் குறி எதுவும் தோன்றாது. சிலருக்கு இலேசான காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டுதலும் உண்டாகும். ஆயினும் சிசுவின் மூளையும் கண்ணும் கெடக்கூடும். கண்ணின் கோளாறு பல வருஷங்கள் கழிந்தும் வெளிப்படலாம். இரத்தப் பரிசோதனையால் நோயை அறியலாம், மருந்துகளும் உள. ஐயமுற்றால் தாமதியாது வைத்தியரை நாடுக.

செய்யவேண்டுவன

1. தீவனத்தையும் குடிநீரையும் மூடிவைக்கவேண்டும். வைக்கோற்போரில் பூனை குட்டி போட இடங்கொடுத்தலாகாது. பூனையைக் கொல்லுதல் வேண்டா. அதனால் எலிகளே பெருகும்.

2. கர்ப்பிணிகள் ஆட்டின் ஈற்றில் உதவுதலும், வீசிய கருவையும் நஞ்சுக்கொடியையும் தொடுதலும், பூனையின் மலத்தை அகற்றுதலும் ஆகா. மண்ணில் வேலை செய்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

3. பாலைக் காய்ச்சியும், இறைச்சியை உட்புறச் சிவப்பு முற்றும் மாறும்வரை வேகவைத்தும், கீரை காய்களை நன்கு கழுவியும் உண்ணவேண்டும்.

4. வீசிய கருவையும் நஞ்சுக்கொடியையும், பரிசோதனைக்கு வேண்டியது போக, நாயும் பூனையும் தோண்டாதபடி ஆழப் புதைக்கவேண்டும். பூனை அவற்றைத் தின்றால் நோய் மீண்டும் சுற்றிவரும்.

5. குட்டி வீசிய ஆட்டைத் தனியே கட்டுக. புரூஸெல்லா முதலிய வேறு நோய்களாலும் கருச்சிதைவு நேருமாதலால், காரணத்தைக் கால்நடை வைத்தியர் மூலம் நிச்சயிக்கவேண்டும். டாக்ஸோபிளாஸ்மாவே காரணமெனின் ஆட்டை விற்க அவசரப்படுதல் நஷ்டமே. ஒருமுறை இந்நோய் கண்ட ஆடு பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி பெற்று அடுத்த ஈற்றில் நல்ல குட்டி தரும்.

ஒரே பருவத்தில் பல பட்டிகளில் குட்டி வீசுதல் காணின், கிராம அதிகாரிகள் உடனே கால்நடை வைத்தியருக்குத் தெரிவிப்பதோடு, அவ்வீடுகளிலுள்ள கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெறுமாறும் செய்தல் கடமையாகும்.