விழுந்தவரை உடனே தூக்கலாமா?

நான் மின் பொறியியல் மாணவன். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனாலும் இந்த மாதப் பாடத்தைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் எனக்கு முன்னால் போன ஒரு பையன் சறுக்கி விழுந்தான். நானும் இன்னொருவரும் ஓடிப்போய் அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தோம். பின்னால் வந்த ஓர் அக்கா, "தம்பி, தூக்காதீங்க! கழுத்து அசையக்கூடாது!" என்று கத்தினார். அவர் ஒரு தாதி. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் இன்றைய பாடம்.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. அதில் மூன்று முக்கியப் பகுதிகள். பெருமூளை யோசிக்கிறது, நினைவு வைக்கிறது, பேசுகிறது. சிறுமூளை உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது. மோட்டாரில் வளைவில் சாயும்போது வேலை செய்வது அதுவும்தான். மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கிறது.

மூளைத்தண்டின் தொடர்ச்சியாகக் கீழே இறங்குவது தண்டுவடம். நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், பருமன் நம் சுண்டுவிரல் அளவுதான். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடல் முழுக்கப் போகின்றன. எங்கள் பாடத்தில் வரும் கேபிள் மாதிரிதான்: ஓர் இடத்தில் அறுந்தால், அதற்குக் கீழே உள்ள பகுதிக்குக் கட்டளை போகாது. நடுமுதுகில் அடிபட்டால் கால்கள் செயலிழக்கலாம். கழுத்தில் பட்டால் கைகளும் சேர்ந்து போகலாம். மூச்சுவிட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு, கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து வருகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும்.

கேபிளை ஒட்டுப் போடலாம். அறுந்த தண்டுவடம் தானாக மீண்டும் இணைவதில்லை.

நம் நாட்டில் 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். அது மூளையைக் காக்கும், கழுத்தைக் காக்காது. தண்டுவடத்துக்கு இருக்கும் கவசம் முள்ளெலும்புகள்தான். விபத்தில் அந்த எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் நாம் பிடித்து இழுத்தால், உடைந்த எலும்பு உள்ளே குத்திவிடும். நல்லது செய்யப் போய் ஒருவரை நாமே படுக்கையில் தள்ளிவிடுவோம்.

அதனால் நினைவில் வையுங்கள்:

1. முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். 999-க்கு அழையுங்கள்.
2. தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் அவரை நகர்த்தாதீர்கள்.
3. மூச்சு தடைபட்டால் தவிர, தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.
4. தண்ணி கொடுக்காதீர்கள்.
5. தலையின் இரு பக்கமும் கைவைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்.

அன்று அந்த அக்கா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சாலையிலேயே மண்டியிட்டிருந்தார். நான் வண்டிகளை நிறுத்தினேன். "விரலை அசைங்க தம்பி" என்றார் அவர். பையன் அசைத்தான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வகுப்பில் இந்த ஐந்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்போம். நம்மில் பாதிப்பேர் மோட்டாரில்தானே வருகிறோம்.