அய்யனார் காட்டில் மூன்று நாள் குடித்தனம்

ஆடி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ‘இந்த வருஷம் காரையாறுல குடில் போடுறோமா, இல்லையா?’

சென்னையிலும் கோவையிலும் குடியேறிவிட்ட நம் வாசகியர் பலருக்கும் குலதெய்வம், பொதிகை மலைக் காட்டுக்குள் கோயில்கொண்டிருக்கும் ஸ்ரீசொரிமுத்து அய்யனார். ஆடி அமாவாசையையொட்டி, குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் குடில் அமைத்து, ஆற்றில் நீராடி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அய்யனின் காலடியில் உறங்கி எழுவது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். முன்பு பத்துப் பதினைந்து நாட்கள்கூடத் தங்கினார்கள். இப்போது சில நாட்களுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே, முன்பைவிடத் திட்டமிட்டுப் போக வேண்டியிருக்கிறது. முதன்முறையாகப் போகும் மருமகள்களுக்காகவே இந்தக் கட்டுரை!

முதலில் நாள். ஆடி அமாவாசை ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறும். 2024-ல் ஆகஸ்ட் 4. 2025-ல் ஜூலை 24. 2023-லோ ஆடியில் இரண்டு அமாவாசைகள் வந்து பலரைக் குழப்பின. காலண்டரை மட்டும் பார்த்து ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கோயிலில் எந்த அமாவாசைக்கு விழா, எத்தனை நாள் தங்கலாம், சொந்த வாகனத்தை எதுவரை விடுவார்கள் என்பதையெல்லாம் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பார்கள். விழா நாட்களில் கார், வேன்களை அடிவாரப் பகுதியிலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மேலே போகச் சொல்வது வழக்கம். பாத்திரம் பண்டங்களோடு பஸ் ஏற வேண்டும் என்பதை மனதில் வைத்தே மூட்டை கட்டுங்கள்.

திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கினால், பாபநாசம் பக்கம். அங்கே அன்னை உலகம்மையுடன் அருளும் ஸ்ரீபாபநாசநாதரைத் தரிசித்துவிட்டு மலையேறுவது மரபு. நவகயிலாயத் தலங்களில் முதலாவது. சூரியனுக்கு உரிய தலம். பிறகு வனத்துறைச் சோதனைச்சாவடி. பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பைகள், மதுபாட்டில்கள் எதுவும் உள்ளே போகக்கூடாது. ‘சாமி கும்பிடப் போறவங்களையே சோதிக்கணுமா?’ என்று வருத்தப்பட வேண்டாம். நாம் நுழைவது புலிகள் காப்பகத்துக்குள்!

1962-ல் புலிகள் சரணாலயமான முண்டந்துறையையும், 1976-ல் சரணாலயமான களக்காட்டையும் இணைத்து 1988-ல் உருவானது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். யானை, சிறுத்தை, கரடி, மிளா, சிங்கவால் குரங்கு என்று அய்யனின் பரிவாரம் பெரியது. காணிப் பழங்குடி மக்களின் வீடுகளும் இந்த மலையில்தான் இருக்கின்றன. நாம் மூன்று நாள் விருந்தாளிகள், அவ்வளவே!

கோயிலின் மகிமையைச் சொல்லாமல் எப்படி? சாஸ்தாவின் தலங்களை உடலின் ஆறு ஆதாரங்களோடு ஒப்பிடும்போது, சபரிமலையை ஆக்ஞையாகவும் இந்தத் தலத்தை மூலாதாரமாகவும் சொல்வது ஐதீகம். அய்யனாருடன் பேச்சியம்மன், பிரம்மராட்சசி, சங்கிலி பூதத்தார் என்று காவல் தெய்வங்கள் பலரும் இங்கே உறைகிறார்கள். அய்யனாருக்குச் சைவப் படையல். அமாவாசையன்று பூக்குழி இறங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் அமர்ந்து காட்சி தருவது இவ்விழாவின் தனி அடையாளமாக இருந்தது. அந்தப் பட்டம் தரித்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமானார்.

பட்டவராயன் சந்நிதியில் மட்டும் சற்று நேரம் நில்லுங்கள். அங்கே காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு! அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்காவை இந்தக் காட்டில் கண்டு மனம் கொடுத்தான். பெண்களின் தகப்பன் கேட்டபடி குடுமியையும் பூணூலையும் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களைக் கைப்பிடித்தான். மாமனாரின் மாடுகளைக் கவர்ந்தவர்களோடு போரிட்டு உயிரைவிட்டான். வில்லுப்பாட்டில் இந்தக் கதையைக் கேட்டு அழாத பெண்கள் குறைவு. சாதி பார்க்காமல் எல்லோரும் கைகூப்பும் சந்நிதி இது.

சரி, மூட்டைக்கு வருவோம். எத்தனை பேர், எத்தனை வேளை என்று எழுதிப் பார்த்துவிட்டு அரிசி, பருப்பை அளந்து துணிப்பையில் கட்டுங்கள். சாம்பார்ப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி வீட்டிலேயே தயாராகட்டும். இல்லாவிட்டால் மூன்று நாளும் அடுப்படியைவிட்டு நகரமாட்டீர்கள். அய்யனைத் தரிசிப்பது ஆண்களும் பிள்ளைகளும்தான் என்றாகிவிடும்! சமையலை முறைபோட்டுக்கொள்ளுங்கள். ஆண்களும் ஒரு வேளை கரண்டி பிடிக்கட்டும். அடுப்புக்கு எதை அனுமதிக்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். காட்டுக்குள் போய்ச் சுள்ளி பொறுக்க வேண்டாம். எவர்சில்வர் தட்டு, டம்ளர், தண்ணீருக்குத் தூக்குச்சட்டி, தரையில் விரிக்கத் தார்ப்பாய், டார்ச், கம்பளி, மாத்திரைகள். ஆடியில் மேலே சாரல் இருக்கும் என்பதால் மாற்றுத்துணி இரண்டு செட் கூடுதலாக வேண்டும். மிக முக்கியமாக, குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பழைய சாக்கு.

குரங்குகள் விஷயத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். புகுந்த வீட்டாரோடு போயிருந்தபோது, பொரித்த அப்பளத்தைக் கூடையில் வைத்துவிட்டு இலை போடத் திரும்பினேன். கூடையோடு காணோம்! மாமியார் சிரித்தார், எனக்குச் சிரிக்க முடியவில்லை. மனிதர் உணவைப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதைக் குறைத்துவிடும். மிச்சச் சோற்றைக் குடிலுக்குப் பின்னால் கொட்டினால் இரவில் காட்டுப்பன்றி வரும். ‘வாயில்லா ஜீவனுக்குப் போட்டால் புண்ணியம்’ என்று ஊரில் செய்வதை இங்கே செய்யக்கூடாது.

ஆறு அழகாகத்தான் இருக்கும். ஆனால், மேலே இருக்கிறது காரையாறு அணை. மலையில் மழை பெய்தாலோ, அணையில் தண்ணீர் திறந்தாலோ, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் ஏறலாம். பிள்ளைகளைத் தனியே இறக்காதீர்கள். போலீஸார் ‘வெளியே வாங்க’ என்றால், சோப்புப் போட்ட தலையோடாவது வந்துவிடுங்கள். சோப்பே வேண்டாம் என்பதுதான் நல்லது!

இப்போது, எழுதத் தயங்கிய விஷயம். தர்ப்பணம் முடித்ததும் உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டால் பாவமும் தோஷமும் தொலையும் என்று ஒரு வழக்கம் பரவிவிட்டது. பாபநாசம் படித்துறையில் நின்று பாருங்கள், பாறை இடுக்கெல்லாம் வேட்டியும் சேலையும்தான்! பித்ருக்களுக்கு நாம் தருவது எள்ளும் தண்ணீரும். அந்தச் சடங்கில் துணியை விடுவதற்கு இடமே இல்லை. விட்ட துணி குளிப்பவர் காலைச் சுற்றுகிறது. மீனும் நீர்நாயும் வாழும் ஆற்றை அடைக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் வரை, ஏறக்குறைய 128 கிலோமீட்டரும் தாமிரபரணி நம் மண்ணிலேயே ஓடுகிறாள். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். நம் பாவத்தை ஆற்றில் கரைத்து, அதை அடுத்த ஊர்க்காரரின் குடத்தில் சேர்ப்பது எந்தப் பரிகாரம்? வீட்டுப் பெரியவர் வற்புறுத்தினால் வாதாட வேண்டாம். ஈரத்துணியைப் பிழிந்து சாக்கில் போடுங்கள். ஊருக்கு வந்து துவைத்து, இல்லாதவருக்குக் கொடுங்கள், வஸ்திர தானமாகிவிடும்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் சாதாரண நாளில் போய்வரலாம். பகலிலேயே தரிசனத்தை முடித்து மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். சோதனைச்சாவடி நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் குடிலைப் பிரித்ததும் கயிறு, தீக்குச்சி, பூஜைக்கு வாங்கிய கற்பூர டப்பா வரை பொறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். பஸ்ஸில் அதை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று ஒரு சண்டை வரும். எங்கள் வீட்டில் அது மூத்த நாத்தனாரின் பொறுப்பு. ‘அய்யன் வீட்டைக் கூட்டிட்டு வர்றேன்’ என்று கடைசி சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார்.