பெயரும் பழுதும்: கைவினைப் பனியன் தொழில் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்பது ஆடை. ஊரும் தொழிலும் இயற்பெயரும் ஒன்றாய் இணைந்து அவர்தம் பெயராக நின்றன. தொழிலையே பெயரின் பகுதியாகத் தாங்கும் ஒருவன், தான் விற்ற பொருளில் தோன்றும் பழுதைப் பிறர்மீது ஏற்றிவிட இயலாது.

இக்காலத்துப் படித்த இளைஞர் சிலர், பெரிய ஆலைகளைச் சாராது, வீட்டின் ஓர் அறையிலேயே டி-சர்ட் எனப்படும் பனியன் சட்டைகளைக் கையால் அச்சிட்டும் சாயமேற்றியும், தாம் சூட்டிய பெயரைக் கழுத்துப் பகுதியில் தைத்து விற்கின்றனர். அச்சிறு துணிச்சீட்டில் உள்ள பெயர் எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வரலாறும்

‘பனியன்’ என்னும் சொல் தமிழன்று. வணிகரைக் குறிக்கும் ‘வாணியோ’ என்னும் குஜராத்திச் சொல், ஐரோப்பியர் நாவில் திரிந்து, பின்னர் ஆடைக்குப் பெயராயிற்று. அச்சொல்லின் மூலமான வடசொல்லே நம் ‘வணிகன்’ என்னும் சொல்லோடும் தொடர்புடையதென்பர். எனவே இவ்வாடை தன் பெயரிலேயே வணிகனைச் சுமந்து நிற்கின்றது எனலாம்.

கைகளை விரித்தால் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் தோன்றும் இச்சட்டை, 1913-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படையினர்க்கு உள்ளாடையாக வழங்கப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளியாடையாக உயர்ந்தது. தமிழகத்தில் பின்னலாடைத் தொழிலின் தாயகம் திருப்பூர். 1930-களின் பிற்பகுதியில் அங்குப் பின்னல் எந்திரங்களைக் கொணர்ந்து இத்தொழிலுக்கு வித்திட்ட முன்னோடியாகக் குலாம் காதர் என்பார் குறிக்கப்பெறுகின்றார். இன்று தனித்தொழில் தொடங்குவோருக்கும் துணி பெரும்பாலும் அந்நகரிலிருந்தே வருகின்றது.

துணியின் இயல்பு

வேட்டியும் சேலையும் பாவும் ஊடையும் குறுக்கிட நெய்யப்படுவன. பனியன் துணியோ ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துப் பின்னப்படுவது. வளையங்கள் நெகிழ்ந்து கொடுப்பதாலேயே அது உடலோடு பொருந்துகின்றது. அந்நெகிழ்ச்சியே அதன் குறைக்கும் காரணமாகின்றது.

இத்துணி மீட்டர் கணக்கிலன்றிக் கிலோ கணக்கில் விற்கப்படும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் கூறுவர். 160 முதல் 180 கிராம் வரையுள்ள துணி நம் நாட்டு வெப்பத்திற்கு ஏற்றது. வெட்டுச் சேதம் நீங்க, ஒரு கிலோவில் பெரியவர் சட்டை ஏறத்தாழ நான்கு கிடைக்கும்.

இதில் மறைந்துள்ள பழுதுகள் இரண்டு. ஒன்று சுருக்கம், மற்றொன்று முறுக்கம். நூலின் முறுக்கு அடங்காதிருப்பின், சலவைக்குப்பின் பக்கத் தையல் வயிற்றுப்புறமாகத் திரும்பிவிடும். கடையில் மடித்து வைத்திருக்கும்போது இவ்விரண்டும் கண்ணுக்குத் தோன்றா. துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, துவைத்து உலர்த்திய பின் மீண்டும் அளந்து பார்த்தல் எளிய சோதனையாகும். நீளத்தில் நூற்றுக்கு ஐந்து சுருங்கினும், 70 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டை மூன்றரை சென்டிமீட்டர் குறைந்துபோகும். ஆதலின் வெட்டுவதற்கு முன்னரே துணியை நனைத்துச் சுருங்கவிடுதல் நன்று.

கையச்சு முறை

கையச்சில் பெரிதும் வழங்குவது திரையச்சு. மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலையில், ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி இருட்டில் உலர்த்துவர். படம் வரைந்த ஒளிபுகும் தாளை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டுவர். ஒளி பட்ட இடம் இறுகும். படத்தின் கருமை மறைத்த இடம் நீரில் கரைந்து வழிவிடும். பின்னர்ச் சட்டையின்மீது திரையை வைத்து, ரப்பர்ப் பட்டையால் மையை இழுக்க, வழிவிட்ட இடத்தில் மட்டும் மை இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித்திரை வேண்டும்.

மை உலர்வது வேறு, பிடிப்பது வேறு. நீர்கலந்த மைகளுக்கு 150 பாகை செல்சியஸ் அளவில் சில நிமிடங்களேனும் சூடேற்றினாலன்றி அவை துணியில் நிலைபெறா. எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பள்ளி விழா ஒன்றுக்கு நாற்பது சட்டைகள் அச்சிட்டார். நாள் நெருங்கிவிட்டமையால் வெயிலில் உலர்த்தியதே போதுமென்று அனுப்பிவிட்டார். முதற்சலவையிலேயே எழுத்துகள் உதிர்ந்தன. பள்ளியார் குறை கூறுமுன் அவரே சென்று நாற்பதையும் திரும்பப் பெற்றுப் புதியன அச்சிட்டுக் கொடுத்தார். ஆறு மாத வருவாய் அதில் போயிற்று. ஆனால் அடுத்த ஆண்டும் அப்பள்ளி அவரையே அழைத்தது.

தமிழ் எழுத்துகளை அச்சிடுவோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. திரையில் ஓர் ஒற்று விடுபட்டால், அப்பிழை ஐம்பது பேர் மார்பிலும் ஊர்வலம் வரும். சூட்டில் பிடித்த மை திருத்தத்துக்கு இடங்கொடாது. ஆகவே தமிழ் பயின்றாரின் மெய்ப்புப் பார்க்கும் திறன் இத்தொழிலுக்கும் தேவைப்படுகின்றது.

சாயமும் நீரும்

சிலர் இயற்கைச் சாயங்களை நாடுகின்றனர். பருத்தி, செடிச்சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. முதலில் கடுக்காய் நீரிலும், பின்னர்ப் படிகார நீரிலும் தோய்த்தெடுத்தால்தான் பல சாயங்கள் பற்றும். சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு சிவப்பேற்றிய மரபு இம்முறையைச் சார்ந்ததே. அவுரியோ தனி இயல்பினது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது பசுமை கலந்து தோன்றும் துணி, காற்றுப்பட்டு நீலமாக மாறுவது காண்பார்க்கு வியப்பூட்டும்.

எனினும், இயற்கைச் சாயம் என்ற சொல்லே தூய்மைக்குச் சான்றாகாது. சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் அறிந்தவை. சிறு தொட்டியின் கழிவும் எங்கோ ஓரிடத்தில் சேர்கின்றது என்பதைத் தனித்தொழில் புரிவோரும் மறத்தலாகாது.

கணக்கு

கைத்திறன் மிக்க பலர் வீழ்வது கணக்கிலேயாம். விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைக் காண்போம். ஒரு சட்டைக்குத் துணி 125 ரூபாய், வெட்டும் தையலும் 45, மையும் சூடேற்றலும் 20, சீட்டும் உறையும் 10 எனக் கொண்டால் 200 ரூபாயாகும். திரை செய்ய 600 ரூபாய் எனின், பத்துச் சட்டைக்குத் தலா 60. ஐம்பதுக்குத் தலா 12. ஐம்பது சட்டை அச்சிடத் தன் கூலி 1,500 எனின் தலா 30. ஆக அடக்கவிலை 242. ஐம்பதில் மூன்று பழுதாயின், எஞ்சிய நாற்பத்தேழே அம்முழுச் செலவையும் தாங்க வேண்டும். அப்போது அடக்கம் 257 ரூபாயைக் கடந்துவிடும். தன் கூலியையும் சேதத்தையும் எழுதாதவன், இலாபம் என்று எண்ணி முதலையே உண்கின்றான்.

வகைகளைப் பெருக்குவதும் பேரிடர். நான்கு படங்கள், மூன்று நிறங்கள், ஐந்து அளவுகள் என்றால் அறுபது வகைகளாகும். வகைக்குப் பத்தென வைத்தாலும் 600 சட்டைகள் பெட்டியில் உறங்கும். ஒரு படம், இரு நிறம் எனத் தொடங்குதலும், முன்பணம் பெற்று வேண்டிய அளவே அச்சிடுதலும் அறிவுடைமையாம்.

வாணிப அறம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்தவர்கள். கதீஜா நாயகியாரின் பொருட்டு அவர்கள் மேற்கொண்ட ஷாம் நாட்டுப் பயணத்தை உமறுப் புலவரின் சீறாப்புராணம் விரித்துரைக்கின்றது. ஒருமுறை அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுள் கையை நுழைக்க, உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வணிகர் கூற, மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது.

குவியலுள் மறைந்த ஈரத்தைப் போன்றனவே சுருக்கமும் முறுக்கமும் பிடியாத மையும். முதற்சலவையே அக்குவியலுள் நுழையும் கை. அச்சோதனையை வாங்குபவர் வீட்டுக்குத் தள்ளாமல், விற்பவர் தம் வீட்டிலேயே முடித்தல் வேண்டும். சிறு பழுதுள்ளவற்றைப் பழுதென்றே சொல்லிக் குறைந்த விலைக்குத் தரலாம்.

‘கைவினை’ என்னும் சொல்லுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ஆலையில் தைத்த வெற்றுச் சட்டையை வாங்கி அச்சு மட்டும் தாம் செய்திருப்பின், ‘கையால் அச்சிட்டது’ என்று எழுதுவதே நேர்மை. ‘கையால் செய்தது’ என்பது மிகை. மெய்யான சொல்லுக்கும் வாங்குவோர் உளர்.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்குமாறு இப்னு மாஜாவில் வரும் நபிமொழி பணிக்கின்றது. தவணைக் கடனை எழுத்தில் பதியுமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 282-ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. தையற்காரருக்குரிய கூலியும், கடைக்காரரிடம் நிற்கும் நிலுவையும் இவ்விரண்டனுள் அடங்கும்.

முடிவுரை

ஆலைச் சட்டையில் பழுது கண்டவர் யாரைக் கேட்பதென்று அறியார். தனித்தொழில் புரிபவரின் சட்டையிலோ கேட்கவேண்டிய பெயர் கழுத்திலேயே உள்ளது. அதுவே அத்தொழிலின் இடர். அதுவே அதன் சிறப்புமாகும். நம் துறை மாணவருள் எவரேனும் இத்தொழிலை மேற்கொள்வாராயின், பெயர் தேடுவதற்குமுன் ஒரு சட்டையைத் தைத்து, பலமுறை துவைத்துப் பார்ப்பாராக. அதன்பின்னும் உருமாறாது நிற்கும் சட்டையின் கழுத்தில் தம் பெயரைத் தைப்பாராக.