ஊர் அடங்காட்டி என்ன, பாப்பா தூங்கும்!

தங்கச்சி, போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி அழுதியே, நீ பேசினதுல பாதிதான் காதுல விழுந்துச்சு. உனக்குப் பின்னாடி பாப்பா கத்திக்கிட்டிருந்தா. அவளுக்கும் பின்னாடி கன்டெய்னர் லாரி ஹாரன். நடுவுல உன் மாமியார், "பால் பத்தலை போல"ன்னு சொன்னது மட்டும் தெளிவா கேட்டுச்சு. "இந்த ஊர்ல எப்படிக்கா குழந்தை தூங்கும்? நீ எப்படிக்கா ரெண்டு வளர்த்த?"ன்னு கேட்ட. போன்ல சொன்னா நீ மறந்துடுவேன்னுதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி நம்ம ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்துதான் கெளம்புச்சு. அன்னையிலேருந்து ரயில், அப்புறம் துறைமுகம், லாரி, காசிமேட்டு மீன் ஏலம்னு இந்த ஊர்ல சத்தம் கூடிக்கிட்டேதான் இருக்கு. இங்க பொறந்த குழந்தைங்களும் தூங்கித்தான் வளர்ந்தாங்க. ஊரை அடக்குறது நம்ம கையில இல்லை. சாயங்காலத்துக்கு மேல பாப்பாவுக்குச் செய்யறதை ஒரே வரிசையில, தினமும் மாத்தாம செய்யறது நம்ம கையில இருக்கு. அந்த வரிசையைத்தான் குழந்தை பிடிச்சுக்கும்.

பெரியவனுக்கு நான் இதைச் செய்யலை. ஒரு நாள் தூளி, ஒரு நாள் மடி, ஒரு நாள் செல்போன் பாட்டு, இன்னொரு நாள் உங்க மாமா பைக்ல வெச்சு ஹார்பர் கேட் வரைக்கும் ஒரு ரவுண்டு. எட்டு மாசம் வரைக்கும் அவன் பன்னெண்டு மணிக்கு முன்னாடி கண்ணை மூடினதே இல்லை. சின்னவளுக்கு வரிசையைப் பிடிச்சேன், மூணு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. அந்த அனுபவத்துல சொல்றேன், கேளு.

1. மூணு மாசம் ஆயிடுச்சா? இதான் சரியான நேரம்

பொறந்த குழந்தைக்கு ராத்திரி, பகல் தெரியாது. உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் ரெண்டு மூணு மாசத்துலதான் ஓட ஆரம்பிக்கும். அதனால இத்தனை நாள் அவ உன்னைத் தூங்க விடாததுக்கு நீ எந்தத் தப்பும் பண்ணலை. நாலு மாசத்துலேருந்து ஒரு வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12-லேருந்து 16 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016-ல சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் கூடும், குறையும். பக்கத்து வீட்டுக் குழந்தையோட கணக்குப் போட்டுப் பார்க்காதே.

2. வரிசை சின்னதா இருக்கட்டும்

2009-ல 405 அம்மாக்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. குளியல், எண்ணெய் தடவுறது, அப்புறம் தாலாட்டு மாதிரி அமைதியா ஒண்ணு. தினமும் இந்த மூணையும் இதே வரிசையில செஞ்ச வீடுகள்ல குழந்தைங்க சீக்கிரம் தூங்கினாங்க, ராத்திரி முழிக்கிறது குறைஞ்சுது, அம்மாக்களோட மனசும் லேசாச்சு. நம்ம ஒத்தை ரூம் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு இது:

• 7 மணி: வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு உடம்பைத் துடை.
• 7.10: கை கால்ல எண்ணெய், புது நாப்கின், மெல்லிசு பருத்திச் சட்டை.
• 7.20: டியூப்லைட்டை அணைச்சுட்டுப் பால். அப்புறம் தோள்ல போட்டு ஏப்பம்.
• 7.45: தாலாட்டு, தட்டிக் கொடுக்கிறது.
• 8 மணி: தூக்கம்.

எட்டு மணி உங்க வீட்டுக்கு ஒத்து வரலையா? ஒன்பதுன்னு வெச்சுக்கோ. ஆனா இன்னிக்கு எட்டு, நாளைக்குப் பத்துன்னு இழுக்காதே.

3. கண்ணைக் கசக்கும்போதே ஆரம்பி

கண்ணைக் கசக்குவா, காதை இழுப்பா, முகத்தைத் திருப்பிப்பா, கொட்டாவி விடுவா. அந்த நிமிஷமே வரிசையை ஆரம்பிச்சுடணும். 'இன்னும் கொஞ்சம் விளையாடட்டும், நல்லா களைச்சுத் தூங்குவா'ன்னு விட்டா, களைப்பு அழுகையா மாறிடும். அதுக்கப்புறம் அடக்க ஒரு மணி நேரம் ஆகும்.

4. சாயங்காலம் தலைக்கு ஊத்த வேண்டாம்

அத்தை காலை நீட்டி உக்காந்து, பாப்பாவைக் கால்ல குப்புறப் போட்டு எண்ணெய்க் குளியல் போடுறது காலையில நடக்கட்டும். அவங்க கைப்பக்குவம் உனக்கும் எனக்கும் வராது. சாயங்காலத்துக்குத் துணியால துடைக்கிறதே போதும். தண்ணி லாரி வராத நாள்லயும் ஒரு சொம்புத் தண்ணியில முடிஞ்சுடும். சூட்டை முழங்கையை விட்டுப் பாரு. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு மூணையும் துடைச்சு ஈரம் போக ஒத்தி எடு. நம்ம ஊர்ப் புழுக்கத்துல அங்கதான் வேர்க்குருவும் புண்ணும் வரும், அரிப்புல குழந்தை தூங்காது.

தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டைக் கையில தேய்ச்சு, தொடையிலேருந்து பாதம் வரைக்கும் மெதுவா நீவி விடு. மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடாதே, மூக்கை ஊதாதே. பெரியவங்க சொன்னா, "டாக்டர் வேணாம்னுட்டாங்க அத்தை"ன்னு பழியை டாக்டர் மேல போட்டுடு.

5. சத்தத்தோட மல்லுக்கட்டாதே, வெளிச்சத்தைக் குறை

ஒரே மாதிரி ஓடுற ஃபேன் சத்தமும் தூரத்து லாரி இரைச்சலும் குழந்தைக்குப் பழகிடும். திடீர்னு விழற பாத்திரமும் திடீர்னு எரியற டியூப்லைட்டும்தான் எழுப்பும். 7.20-க்கு மேல ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். சீரியலை நிறுத்தச் சொல்லி மாமியார் வீட்டுல சண்டை போடாதே. சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லு. பழைய புடவை ஒண்ணைக் கயித்துல போட்டு, டிவி வெளிச்சம் பாப்பா மேல படாம மறைச்சுடு. முக்கியமா, செல்போனை அவ கண்ணு முன்னாடி காட்டாதே.

காலையில எதிர்க் கதை. எழுந்ததும் ஜன்னலைத் திற, வாசல்ல வெச்சுப் பேச்சுக் கொடு. பகல்னா வெளிச்சமும் பேச்சும், ராத்திரின்னா இருட்டும் அமைதியும்னு அவளுக்குப் புரியட்டும்.

6. தூளி கட்டலாம், ஆனா கவனம்

தூளி வேண்டாம்னு சொன்னா நம்ம வீட்டுல யாரும் கேட்க மாட்டாங்க, தெரியும். கட்டினா பருத்திப் புடவையில கட்டு, வழுவழுன்னு இருக்கிற புடவை முடிச்சு நழுவும். கொக்கியையும் முடிச்சையும் தினம் ஒரு தடவை இழுத்துப் பாரு. தரையிலேருந்து உயரம் குறைச்சலா இருக்கட்டும், கீழ பாய் இருக்கட்டும். நடுவுல கட்டையை மாட்டி விரிச்சு வெச்சாத்தான் காத்து வரும். ஆட்டுறதை நாத்தனார் பையன் கையில கொடுக்காதே.

தூளியில உடம்பு வளைஞ்சு, முகவாய் நெஞ்சுல முட்டும். சின்னக் குழந்தைக்கு அதுல மூச்சு அடைக்கலாம். அதனால நீ பக்கத்துல கண்ணு முழிச்சு இருக்கும்போது மட்டும் தூளி. தூங்கினதும் எடுத்துச் சமமான பாய்ல மல்லாக்கப் போட்டுடு. புரள ஆரம்பிச்சுட்டா தூளியை அவிழ்த்துடு. துணி கழுத்துல சுத்திக்கிற ஆபத்து இருக்கு.

7. எப்பவும் மல்லாக்கத்தான்

1994-ல அமெரிக்காவுல, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைங்கன்னு பெரிய பிரசாரம் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் தூக்கத்துலயே குழந்தைங்க இறந்து போறது ஏறக்குறைய பாதியா குறைஞ்சுது. தலையணை, மெத்துனு இருக்கிற போர்வை, பொம்மை எதுவும் பக்கத்துல வேண்டாம். யாராவது குடிச்சுட்டு வந்த ராத்திரி, இல்லை தூக்க மாத்திரை போட்ட ராத்திரி, அவங்க பாப்பா பக்கத்துல படுக்கவே கூடாது. இதுல மட்டும் முகதாட்சண்யம் பார்க்காதே.

ஷீட் போட்ட வீட்டுல மே மாசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பிடரியில கையை வெச்சுப் பாரு. வேர்த்திருந்தா ஒரு துணியைக் குறை. தொப்பி, சாக்ஸ் எல்லாம் அந்த வெயிலுக்கு வேண்டாம்.

8. புகை வேண்டவே வேண்டாம்

எண்ணூர், மணலி பக்கமிருந்து வர்ற காத்துல ஏற்கெனவே இருக்கிறது போதும். மூடின ரூம்ல கொசுவத்தி ஏத்தாதே. குழந்தைக்கு மேல கவிழ்க்கிற குடை மாதிரி கொசுவலை நல்லது. சாம்பிராணி போட்டே ஆகணும்னு அத்தை சொன்னா, பாப்பாவை வெளியில தூக்கிட்டுப் போய், புகை கலைஞ்சப்புறம் உள்ள வா. கண்ணு பட்டிருக்குன்னு சுத்திப் போடட்டும், தப்பில்லை. மிளகாய் நெடியை மட்டும் தெருவோட நிறுத்திடச் சொல்லு.

9. தூங்க வைக்க எதையும் புகட்டாதே

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். வெயில் காலத்துலகூடத் தண்ணி தேவையில்லை. கிரைப் வாட்டர், உரசின வசம்பு, கரைச்ச மாவு எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்கக்கூடிய கிருமி குழந்தைக்கு விஷமாயிடும். உரம் விழுந்திருக்குன்னு முறத்துல போட்டு உருட்டுறவங்ககிட்டயும் தூக்கிட்டுப் போகாதே.

மூணு மாசக் குழந்தை ராத்திரி ரெண்டு மூணு தடவை பாலுக்கு எழும். அது பால் பத்தாததால இல்லைன்னு அத்தைக்கும் சொல்லு. எழும்போது லைட் போடாதே, கொஞ்சாதே. பால், ஏப்பம், திரும்பப் படுக்கை. 'அழ விட்டுப் பழக்கு'ங்கிற பாடமெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குது.

10. தாலாட்டு உன் குரல்ல இருக்கட்டும்

தால்னா நாக்கு. நாக்கை ஆட்டி ஆட்டி ஒலி எழுப்புறதால தாலாட்டு. பிள்ளைத்தமிழ்ல மூணாவது பருவமே தாலப் பருவம்தான். நம்ம அம்மா பாடுவாங்களே, ஞாபகம் இருக்கா? கூடையை இறக்கி வெச்சுட்டு, கை கழுவியும் போகாத மீன் வாசனையோட மடியில போட்டுக்கிட்டு, ஆராரோவுக்கு நடுவுல வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தின்னு அன்னிக்கு வித்ததையெல்லாம் வரிசையா இழுப்பாங்க. கடைசி மீன் வரைக்கும் நம்மள்ல யாரும் முழிச்சிருந்ததில்லை. உனக்குப் பாட்டு வராட்டி அப்படி ஏதாவது இழு. தினம் அதே ராகமா இருந்தாப் போதும்.

11. மாப்பிள்ளையையும் வரிசையில சேர்த்துக்கோ

கடலுக்குப் போயிட்டு நாலஞ்சு நாள் கழிச்சு ராத்திரி மூணு மணிக்கு வருவாரு. வந்த வேகத்துல டீசல் வாசனையோட பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சணும்னு தோணும், பாவம். "குளிச்சுட்டு வந்து பக்கத்துல உக்காருங்க, விடிஞ்சதும் உங்ககிட்டதான்"னு சொல்லு. அவர் கெளம்புற ராத்திரிக்கு வேண்டிய துணி, டார்ச் எல்லாம் முன்னாடியே வாசப்பக்கம் எடுத்து வெச்சுட்டா லைட் போட வேண்டியிருக்காது.

ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில நிக்கும், மாப்பிள்ளையும் வீட்டுல இருப்பாரு. கையில காசு இருக்காது, நேரம் இருக்கும். எண்ணெய் தடவுறதையும் ஏப்பம் எடுக்கிறதையும் அவருக்குப் பழக்கிடு. உன் கை இல்லாமலும் தூங்கக் கத்துக்கிட்டா, நாளைக்கு நீ வேலைக்குத் திரும்பும்போது பாப்பா ஏங்க மாட்டா.

12. இதையெல்லாம் தாண்டி அழுதா

காய்ச்சல், பால் குடிக்காம இருக்கிறது, வேகமா மூச்சு வாங்குறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதே. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான், இல்லாட்டி எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. வண்டிக்கு 108, சந்தேகம் கேட்க 104.

உனக்கும் ஒண்ணு சொல்றேன். ரெண்டு வாரத்துக்கு மேல காரணமில்லாம அழுகை வந்தா, பாப்பாவைப் பார்த்தாலே வெறுப்பா இருந்தா, அதை அலுப்புன்னு ஒதுக்காதே. மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்துலயும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க. ஏரியா நர்ஸ்கிட்டயும் சொல்லு.

முதல் நாலு நாள் ஒண்ணுமே மாறாத மாதிரிதான் இருக்கும். அஞ்சாவது நாள் வரிசையை மாத்திடாதே. மூணு வாரம் பிடி. அவ தூங்கினதும் பாத்திரம் தேய்க்க எழுந்து போயிடாதே தங்கச்சி, பாத்திரம் காலையில தேய்ச்சுக்கலாம். நீயும் கூடவே படு.